ராக் பாட்டும் லயத்துப் பிள்ளைகளும்

வாசகர் கேள்வி, குன்னூரிலிருந்து
6 ஜூலை 2025

என் மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான். ஒருநாள் வாங்கிக் கேட்டேன். ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார். லிங்கின் பார்க் என்றான். வீட்டில் என்ன குறை வைத்தோம்? பணக்கார நாட்டுப் பிள்ளைகள் பொழுது போகாமல் பாடின பாட்டு நம் பிள்ளைக்கு எதற்கு? கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

அக்கா, அது என்ன பாட்டு என்று அவனிடமே கேளுங்கள். விசாரணை மாதிரி வேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை நீங்களும் கேட்டுவிட்டு, அப்புறம் கேளுங்கள். பெயர் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். பந்தலூர் பக்கம் மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

7 ஜூலை

'நம்ப்' என்று சொன்னானா? சரி. அது லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழு 2003இல் போட்ட 'மெட்டியோரா' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. நீங்கள் நினைக்கிற ஆளாக என்னால் ஆக முடியவில்லை, களைத்துப்போய்விட்டேன் என்று ஒரு பிள்ளை தன்னைவிடப் பெரிய ஒருவரிடம் சொல்கிறது. அவ்வளவுதான் பாட்டு. வீடியோவில் வருவது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், நன்றாகப் படம் வரைகிறவள், கூடப் படிக்கிறவர்கள் சேர்க்காமல் ஒதுக்குகிறார்கள். அடிதடி இல்லை, போதை இல்லை.

பாடின செஸ்டர் பென்னிங்டன் பொழுது போகாமல் பாடினவர் இல்லை அக்கா. பதினோரு வயதில் அவருடைய பெற்றோர் பிரிந்தார்கள். சின்ன வயதில் தெரிந்த ஒருவராலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாட்டு ஓடுவதற்கு முன்னால் பர்கர் கடையில் வேலை பார்த்தார். 2017 ஜூலையில், 41 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதை உங்களிடம் மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை, எப்படியும் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். பாட்டுக் கேட்பதால் ஒரு பிள்ளை அந்த வழிக்குப் போவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அவன் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறானா, தூக்கம் கெட்டிருக்கிறதா, கூட்டாளிகளை விட்டு விலகிவிட்டானா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் பாட்டைப் பற்றிய பேச்சை ஓரமாக வையுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416. தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட வேண்டாம்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார், 90 நிமிட டி.டி.கே. கேசட்டில் பதிந்து தர வேண்டும். ராஜா பாட்டும் பக்திப் பாட்டும்தான் சோறு போட்டன. ராக் கேசட் அலமாரியில் ஒரு தட்டுதான், ஆனால் நான் அந்தத் தட்டுக்கு முன்னால்தான் வளர்ந்தேன். இப்போது பந்தலூரில் செல்போன் ரிப்பேர் செய்கிறேன்.

9 ஜூலை

கோத்தகிரி நண்பர் எழுதியிருக்கிறார்: ஊட்டி, கொடைக்கானல் போர்டிங் ஸ்கூல் பிள்ளைகள் வழியாகத்தான் ராக் இந்த மலைகளுக்கு வந்தது, அது அவர்கள் பாட்டு, லயத்துப் (தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதில் ஒன்றும் இல்லை.

வந்த வழி சரிதான். அவுட்டிங் விட்ட நாளில் அந்தப் பிள்ளைகள் கடைக்கு வருவார்கள். வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்த கேசட்டைக் கொடுத்து, இன்னொரு பிரதி போட்டுத் தரச் சொல்வார்கள். நான் எனக்கும் ஒன்று போட்டுக்கொள்வேன். முதலாளிக்கும் தெரியும், ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் யார் கையில் வந்தது என்பது ஒன்று, எந்த ஊரில் பிறந்தது என்பது வேறு. இந்தப் பாட்டுகள் பிறந்த ஊர்களைக் கொஞ்சம் பாருங்கள்.

நிர்வாணா குழு. அதன் பாடகர் கர்ட் கோபேன் பிறந்தது அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து அபர்டீனில், 1967இல். மரம் வெட்டுவதையும் மர அறுவை ஆலைகளையும் நம்பி இருந்த ஊர். அவர் வளர்கிற காலத்தில்தான் அந்தத் தொழில் படுக்கிறது. மழைக்குப் பேர்போன ஊரும்கூட, எங்கள் தேவாலா பக்கத்துக்காரனுக்கு அதைக் கேட்டதும் ஒட்டுதல் வந்துவிடும். அப்பா மெக்கானிக். ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்தபின் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். படிப்பை முடிக்காமல் விட்ட பள்ளியிலேயே பிறகு துப்புரவு வேலை செய்தார். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வீடியோவில் ஒருவர் துடைப்பத்தோடு நிற்பாரே, அந்த ஆள் ஏன் அங்கே நிற்கிறார் என்று இதற்கப்புறம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். நியூ ஜெர்சியில் ஃப்ரீஹோல்ட் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு பெரிய கம்பள ஆலை இருந்தது, மூடிவிட்டார்கள். அவருடைய அப்பாவும் அங்கே வேலை செய்தவர். அப்புறம் பஸ் ஓட்டினார், கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். இரவில் சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மகன் உள்ளே வந்தால் சண்டை.

பிளாக் சபாத் குழு. இங்கிலாந்தில் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதி, முழுக்க ஆலைத் தொழிலாளர் வீடுகள். பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் அப்பா ராத்திரி ஷிஃப்டில் டூல் மேக்கர், அம்மா லூகாஸ் தொழிற்சாலையில். வீட்டில் ஆறு பிள்ளைகள். ஆஸி பதினேழு வயதில் திருடி மாட்டிக்கொண்டார். அபராதம் கட்ட வசதியில்லை, அப்பாவும் கட்ட மறுத்துவிட்டார், சில வாரம் ஜெயிலில் இருந்தார். போன சனிக்கிழமை, 5ஆம் தேதி, அதே ஆஸ்டனில் வில்லா பார்க் மைதானத்தில் அவர்களுடைய கடைசிக் கச்சேரி நடந்தது. ஆஸிக்கு நடக்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பாடினார்.

மூன்றும் ஒரே ஒரு தொழிலை நம்பின ஊர்கள், இல்லை தெருக்கள். தொழில் ஆடும்போது அப்பா ஆடுகிறார், அப்பா ஆடும்போது பதினாறு வயதுப் பிள்ளை கதவைச் சாத்துகிறது. நண்பரே, பச்சைத் தேயிலை விலை தொண்ணூறுகளின் கடைசியில் விழுந்ததே, அப்போது உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இது நடந்தது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஊட்டி இந்து நகர்க்காரர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். 1960இல் தொடங்கின ஃபிலிம் தொழிற்சாலை நலிந்துபோனபோது அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்பிரிங்ஸ்டீனை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

10 ஜூலை

பிளாக் சபாத்தில் கிட்டார் வாசிக்கிற டோனி அயோமி பற்றி ஒருவர் கேட்டார். தெரிந்ததை எழுதுகிறேன்.

பதினேழு வயது. தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு வேலையில் கடைசி நாள், ஓர் இசைக்குழுவோடு ஐரோப்பா போவதாக இருந்தார். மதியத்துக்கு மேல் போக வேண்டாம் என்று நினைத்தாராம், அம்மாதான் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். வேலைக்கு வராத இன்னொருவருடைய மெஷினில் நிற்க வைத்தார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைப் பழக்கம், கிட்டார் தந்தியை அழுத்துவது வலது கை. முடிந்தது என்றார்கள். தொழிற்சாலையில் மேலாளராக இருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்தும் கிட்டார் வாசித்தவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். மெல்லிய தந்தி வேண்டும் என்பதற்காக பேஞ்சோ தந்தியை மாட்டினார். பிறகு 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சுருதியையே கீழே இறக்கினார், தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். உலகம் முழுக்க ஹெவி மெட்டல் என்று கேட்கிற அந்தக் கனத்த ஓசைக்குள் ஒரு தொழிற்சாலை விபத்தும் இருக்கிறது.

என் தாய்மாமாவுக்குத் தேயிலை ஆலையில் இலை நசுக்கும் சி.டி.சி. மெஷினில் விரல் போனது. அவருக்கு இசைத்தட்டு கொண்டுவர யாரும் இல்லை. நன்றாகத் தப்பு அடிப்பார், அதற்கப்புறம் தொடவில்லை.

13 ஜூலை

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பிங்க் ஃபிளாய்டின் பாட்டைச் சொல்லி, படிப்பே வேண்டாம் என்று பிள்ளைகளை வைத்தே பாட வைத்தவர்களை நீங்கள் தூக்கிப் பிடிக்கலாமா என்கிறார்.

சார், மரியாதையோடு சொல்கிறேன். 'அனதர் பிரிக் இன் த வால்' இரண்டாம் பகுதி 1979இல் வந்தது. பாடினவர்கள் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள், அவர்களை அழைத்துப் போனது அந்தப் பள்ளியின் இசை ஆசிரியரேதான். எழுதின ரோஜர் வாட்டர்ஸ் எதிர்த்தது படிப்பை இல்லை, வகுப்பில் பிள்ளையை எல்லார் முன்னாலும் சிறுமைப்படுத்தும் ஆசிரியரை. அது முழு ஆல்பத்தையும் கேட்டால் தெரியும்: அப்பா போரில் செத்துப்போன ஒரு பையனைச் சுற்றிச் செங்கல் செங்கலாகச் சுவர் எழும்புகிறது, ஆசிரியர் அதில் ஒரு செங்கல். வாட்டர்ஸின் அப்பா இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் இறந்தவர், அப்போது குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

அப்புறம் 1980. தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் தங்களுக்குக் கொடுத்த மட்டமான கல்வியை எதிர்த்துப் பள்ளியைப் புறக்கணித்தார்கள், இந்தப் பாட்டைப் பாடினார்கள். நிறவெறி அரசு பாட்டைத் தடை செய்தது. அந்தப் பிள்ளைகள் கேட்டது நல்ல பள்ளிக்கூடம் சார். படிப்பு வேண்டாம் என்றா கேட்டார்கள்?

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஓர் ஆசிரியர் வகுப்பைப் பார்த்து, "கொழுந்து பறிக்கப் போறதுக்கு எதுக்குடா அல்ஜீப்ரா" என்பார். என்னிடமும் என் பக்கத்தில் இருந்தவனிடமும் மட்டும்தான் சொல்வார், டவுன் பிள்ளைகளிடம் சொல்லமாட்டார். பிரம்படி எனக்கு மறந்துபோனது. இந்த வாக்கியம் மறக்கவில்லை. கடையில் அந்தக் கேசட்டை முதலில் கேட்டபோது ஆங்கிலம் பாதிக்குமேல் புரியவில்லை, அந்தப் பிள்ளைகளின் குரல் புரிந்தது. நீங்கள் அப்படி ஓர் ஆசிரியராக இருந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இருந்திருந்தால் இந்த இழையைத் தேடி வந்திருக்கமாட்டீர்கள்.

16 ஜூலை

ஸ்பிரிங்ஸ்டீன் பற்றி அன்றைக்கு ஓடுகிற ஓட்டத்தில் எழுதிவிட்டேன். போதாது. இந்தப் பொருளில் அவரைவிட ஆழமாக எழுதினவர் யாரும் எனக்குத் தெரியவில்லை.

'த ரிவர்', 1980. சொந்தத் தங்கையையும் மச்சானையும் நினைத்து எழுதினது. பையனும் பெண்ணும் பள்ளியில் பழகுகிறார்கள், ஊருக்குப் பக்கத்து ஆற்றில் போய் நீந்துகிறார்கள். பெண் கருவுறுகிறாள். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குப் பையனுக்குக் கிடைப்பது யூனியன் கார்டும் கல்யாணக் கோட்டும். கோர்ட்டில் கல்யாணம், பூ இல்லை, சிரிப்பு இல்லை. கட்டட வேலை கிடைக்கிறது, பொருளாதாரம் படுத்து அந்த வேலையும் போகிறது. பிறகு இரண்டு பேரும் பழசை ஞாபகம் இல்லாத மாதிரி நடிக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்காத இடம். சண்டை போட்டார்கள் என்று எழுதியிருந்தால் சாதாரணப் பாட்டாகியிருக்கும்.

இதைத் தோட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். பத்தாவது தவறினதும் அப்பா மேஸ்திரியிடம் சொல்லி வைப்பார். செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் ஏறும். பேர் ஏறின அன்றைக்கு வீட்டில் பாயசம். என் கூட்டாளி ஒருவன் அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான், ஒன்றும் பேசவில்லை, விடியும்வரை இருந்தான். எனக்கு என்ன என்று தெரியவில்லை. வேலை கிடைத்ததற்கு ஏன் இப்படி இருக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்ச வருடம் கழித்து 'த ரிவர்' கேட்டபோது அவன் உட்கார்ந்திருந்தது புரிந்தது. கிடைத்த வேலைக்காக ஒரு பிள்ளை துக்கப்படலாம் என்று சொல்ல அதற்குமுன் யாரும் இல்லை.

'மை ஹோம்டவுன்', 1984. இதில் எட்டு வயதுப் பையன் அப்பா மடியில் உட்கார்ந்து காரின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறான், இது உன் ஊர் என்கிறார் அப்பா. நடுவில் ஊரில் இனச் சண்டை. அப்புறம் துணி ஆலை மூடுகிறது, கடைகள் காலி. கடைசியில் அந்தப் பையனுக்கே 35 வயது, ஊரைவிட்டுப் போகலாமா என்று ராத்திரி மனைவியோடு பேசுகிறான், தன் மகனை மடியில் வைத்து அதே வார்த்தையைச் சொல்கிறான். வளர்வது என்பதை இவ்வளவு குறைந்த வார்த்தையில் சொன்ன இன்னொரு பாட்டைக் காட்டுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

17 ஜூலை

'பார்ன் டு ரன்' பாட்டை ஏன் விட்டேன் என்று மூன்று பேர் சண்டைக்கு வருகிறார்கள். 1975, பெரிய பாட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஊரைவிட்டு ஓடுவதோடு முடிந்துவிடுகிறது. ஓடினவனுக்கு என்ன ஆனது என்பதில்தான் எனக்கு அக்கறை.

20 ஜூலை

கூடலூரிலிருந்து ஒரு தங்கை எழுதின இரண்டு வரி: "எல்லாம் பையன்களாகவே இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் வளரவே இல்லையா?"

நியாயமான அடி. டிரேஸி சாப்மன், 'ஃபாஸ்ட் கார்', 1988. கிட்டார்தான் முன்னால் நிற்கும், ஓசை பெரிதில்லை, ஆகவே இதை ராக் என்று சொல்லமாட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் போகட்டும். அப்பா குடிக்கிறார். அம்மா தாங்காமல் போய்விட்டார். யாராவது அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று மகள் பள்ளியை விடுகிறாள். கடையில் வேலை. ஒருவனிடம் வேகமான கார் இருக்கிறது, அதில் ஏறி நகரத்துக்குப் போய்விடலாம். போகிறார்கள். அவளுக்கு வேலை கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவன் குடித்துவிட்டுக் கூட்டாளிகளோடு இருக்கிறான், பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. அப்பாவைவிட்டு ஓடினவள் இன்னொரு அப்பாவிடம் வந்து சேர்ந்திருக்கிறாள். ஆனால் இந்தத் தடவை அவளே சம்பாதிக்கிறாள், உன் காரை எடுத்துக்கொண்டு நீ போ என்று அவளால் சொல்ல முடிகிறது.

1988 ஜூன் 11, மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளியில் பெரிய கச்சேரி. டிரேஸி அப்போதுதான் முதல் ஆல்பம் போட்டவர், பகலில் பாடி முடித்துவிட்டார். ராத்திரி ஸ்டீவி வொண்டர் ஏற வேண்டிய நேரத்தில் அவருடைய கருவியின் ஹார்ட் டிஸ்கைக் காணோம், அவர் போய்விட்டார். இடத்தை நிரப்ப டிரேஸியை மறுபடி அனுப்பினார்கள். தனியாக ஒரு கிட்டாரோடு நின்று இந்தப் பாட்டைப் பாடினார். அன்றைக்குத்தான் உலகம் அவரைப் பார்த்தது.

என் தங்கச்சி பத்தாவது முடித்துத் திருப்பூருக்குப் போனாள். எங்கள் லயத்தில் அவள் வயதுப் பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான், பனியன் கம்பெனிக்கோ மில்லுக்கோ. பிசிர் வெட்டினாள், அப்புறம் செக்கிங்கில் இருந்தாள், அவள் அனுப்பின பணத்தில்தான் கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம். போன வருடம் அவளுக்கு இந்தப் பாட்டைப் போட்டு வரி வரியாகச் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டு, "அவ கடைசில அவன இறக்கி விட்டாளா இல்லையா, அதச் சொல்லு" என்றாள். போகச் சொல்வதோடு பாட்டு நிற்கிறது, அவன் போனானா என்று வராது என்றேன். "போயிருக்க மாட்டான்" என்றாள்.

பையன்கள் பாட்டில் ஊரைவிட்டுப் போவதுதான் கனவாக இருக்கிறது. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அது வீட்டுக் கடமையாக இருந்தது. இந்தக் கோணம் தங்கை கேட்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.

23 ஜூலை

ஆஸி ஆஸ்பர்ன் நேற்று இறந்துவிட்டார். 76 வயது.

9ஆம் தேதி எழுதினதை மறுபடி படித்தேன். கச்சேரி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பார்க்கின்சன் நோயோடு, பிறந்து வளர்ந்த தெருக்களுக்கு நடந்து போகிற தூரத்தில் மேடையேறிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கச்சேரிப் பணம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குணமாகாத நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் ஓர் அமைப்புக்கும் போகிறது.

வௌவால் தலையைக் கடித்தவர் என்றுதான் எல்லாச் செய்தியிலும் வரும். அவருக்கு எழுத்து வாசிப்பில் குறை இருந்தது, டிஸ்லெக்சியா. அந்தக் காலத்துப் பள்ளிக்கு அது தெரியாது, மக்குப் பிள்ளை என்று உட்கார வைத்தார்கள். பதினைந்து வயதில் பள்ளியைவிட்டார். பிறகு கறிக்கூடத்தில் வேலை, லூகாஸில் கார் ஹார்ன் ஒலி சரிபார்க்கும் வேலை, அப்புறம் ஜெயில். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை ரேடியோவில் கேட்ட நிமிடத்தில் வாழ்க்கை மாறினது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கடையை ஒரு மணி நேரம் முன்னால் சாத்திவிட்டு 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' கேட்டேன்.

27 ஜூலை

மழை குறைந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

கேட் ஸ்டீவன்ஸின் 'ஃபாதர் அண்ட் சன்', 1970. அப்பாவும் மகனும் பேசிக்கொள்கிறார்கள், இரண்டு பேர் பாட்டையும் ஒருவரே பாடுகிறார். அப்பாவுக்குக் கீழ்க்குரல், மகனுக்கு மேலே எழும்பின குரல். அவசரப்படாதே, உனக்கு வயதிருக்கிறது, உட்கார் என்கிறார் அப்பா. பேசக் கற்ற நாளிலிருந்து கேட்கத்தான் சொன்னார்கள், நான் போக வேண்டும் என்கிறான் மகன். முதலில் இதை ரஷ்யப் புரட்சியைப் பற்றின ஓர் இசை நாடகத்துக்காக எழுதினார். மகன் புரட்சியில் சேரப் போகிறான், அப்பா வயலிலேயே இரு என்கிறார். அவருக்குக் காசநோய் வந்து நாடகம் நின்றது, பாட்டு மட்டும் தப்பியது.

என் அப்பா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் தெரிந்திருக்கும். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதியைப் பிறகு பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். பெரியப்பா கல்யாணமாகித் தனியாக இருந்தவர், இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் இருந்த குடும்பம் இரண்டு நாடானது. அப்பாவுக்கு அப்போது பதினேழு. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூர் மலைக்கு வந்து சேர்ந்தார்.

ஆஸி செய்தி வந்த வாரம் நான் இந்தப் பாட்டெல்லாம் கேட்பதைப் பார்த்து, என்னடா அது என்று அப்பா கேட்டார். இந்தப் பாட்டைப் போட்டு அர்த்தம் சொன்னேன். மகன் போகத் துடிக்கிறான், அப்பா இருக்கச் சொல்கிறார் என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்களுக்கு அது தலகீழ். எங்கப்பா போவோம்னாரு. நான் இங்கயே இருக்கேன்னு சொல்ல நெனச்சேன், சொல்லல" என்றார். எனக்கு இத்தனை வயதாகியும் அப்பா இதைச் சொன்னதில்லை. அங்கே அவருக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்ததாம். அவர் கோல்கீப்பர். பெயர்களெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதி வைத்துக்கொண்டேன்.

2 ஆகஸ்ட்

கொடைக்கானல் தம்பி நீளமாக எழுதியிருக்கிறான். நானும் போர்டிங்கில் வளர்ந்தவன், எங்கள் அப்பாவுக்கு வேலை போகவில்லை, பணமும் இருந்தது, ஆனாலும் அந்தப் பாட்டுகள் எங்களுக்கும் தேவைப்பட்டன, ஆலை மூடின கதையாக எல்லாவற்றையும் ஆக்கிவிடாதீர்கள் அண்ணா என்கிறான். சரியான பேச்சு. என் வாதத்துக்கு எல்லை உண்டு, அதை இங்கேயே போட்டுவிடுகிறேன்.

கடைக்கு ஒரு பையன் வருவான். பெற்றோர் வளைகுடாவில். எட்டு வயதில் விட்டுவிட்டுப் போனார்களாம். அவுட்டிங் நாளில் மற்றவர்கள் சாக்லேட் வாங்கப் போவார்கள், இவன் ஸ்பீக்கருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேர்ல் ஜாமின் 'டென்' கேட்பான். 1991இல் வந்த ஆல்பம். 'அலைவ்' வந்தால் மறுபடி போடுங்கள் அண்ணா என்பான்.

அந்தப் பாட்டு அந்தக் குழுவின் பாடகர் எடி வெட்டரின் சொந்தக் கதையிலிருந்து வந்தது. அப்பா என்று நினைத்தவர் உண்மையில் அப்பா இல்லை, பெற்ற அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டார் என்று வளர்ந்தபின் தெரிகிறது. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று அவர் எழுதினது முதலில் சாபமாகத்தான். கச்சேரிக்குக் கச்சேரி ஆயிரக்கணக்கான பேர் அதையே குதித்துக் கொண்டாடிப் பாடினார்கள். கேட்டவர்கள் பாட்டின் அர்த்தத்தை மாற்றி அந்தச் சாபத்தை எடுத்துவிட்டார்கள் என்று பின்னாளில் வெட்டரே சொன்னார். எழுதினவர் கொடுத்த அர்த்தத்தைவிடக் கேட்ட பிள்ளைகள் கொடுத்தது பெரிதாக இருந்திருக்கிறது.

அதே ஆல்பத்தில் 'ஜெரமி'யும் இருக்கிறது. டெக்சாஸில் ஒரு பள்ளி மாணவன் 1991 ஜனவரியில் வகுப்பிலேயே உயிரை விட்டதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு எழுதினது. வீட்டில் கவனிக்கப்படாத பிள்ளை என்பதைத்தான் பாட்டு பிடித்துக்கொள்கிறது. கனமான பாட்டு. மனம் சரியில்லாத நாளில் தனியாகக் கேட்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆக, தம்பி, வேலை போன வீட்டுப் பிள்ளையும் வீடே தூரமாகப் போன பிள்ளையும் ஒரே ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். இரண்டு பேரும் பாட்டைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. அது இப்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

9 ஆகஸ்ட்

தமிழில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். பலர் கேட்டுவிட்டார்கள்.

நம் சினிமாவில் வாலிபன் கஷ்டப்பட்டால் காரணம் பெரும்பாலும் ஒரு பெண். காதல் தோல்வி, பாட்டில், பாட்டு. வேலை போன அப்பாவைப் பற்றி, செக்ரோலில் ஏறின பேரைப் பற்றி, திருப்பூர் பஸ்ஸைப் பற்றி ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் வாயால் பாட்டு வருவது அபூர்வம். சினிமாவுக்கு வெளியே கதவு திறந்திருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறினபோது கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக நின்றன. அந்தக் குழுவில் இருந்த அறிவு 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து வந்த பாட்டு அது. எங்கள் லயத்தில் அது ஒலிக்காத வீடு இல்லை. ஆனால் அது பாட்டியின் பாட்டு. பேரனின் பாட்டு, இந்த மலையிலேயே வளர்கிற பேரன் பேத்தியின் பாட்டு, இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு ஆங்கிலத்தில் கத்த வேண்டியதில்லை. ராத்திரி யானை வந்து நின்றதால் டியூஷன் முடிந்து வீட்டுக்குப் போக முடியாத பிள்ளை இருக்கிறது. கோயம்புத்தூர் காலேஜில் சேர்ந்து, ஊர் எது என்று கேட்டால் ஊட்டி என்று சொல்லிவிட்டுப் பந்தலூரை மறைக்கிற பிள்ளை இருக்கிறது. அப்பாவுக்கு ஓய்வு வந்ததும் லைன் வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் என்று யோசித்தபடியே பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள். இதில் எதையும் நான் கற்பனை செய்யவில்லை, எல்லாம் என் கடைக்குப் போன் ரிப்பேருக்கு வருகிற பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கைந்து பையன்களும் ஒரு பெண்ணும் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் வாசிக்கிறார்கள். ஒரு கிட்டார், ஒரு ரிதம் பேட், ஒரு தப்பு. அந்தப் பெண்தான் பாடுகிறாள், பிளஸ் டூ. இப்போதைக்கு மற்றவர்கள் பாட்டைத்தான் வாசிக்கிறார்கள், சொந்தமாக எழுதச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள். இந்த இழையை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். நீலகிரியிலோ பழனி மலையிலோ வளர்ந்த யாரிடமாவது எழுதி வைத்த வரி இருந்தால், மெட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கீழே போடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போட வேண்டாம். குன்னூர் அக்கா, கோத்தகிரி நண்பர், ஆசிரியர் சார், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உங்களுக்கும் பதினாறு வயது இருந்திருக்கும்.